ஈசூன் வானம் வியாழனுக்குப் போதும்

உலகிலேயே இரவு வெளிச்சம் மிகுந்த நாடு சிங்கப்பூர். ஆனாலும் சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய கோளையும் அதன் நான்கு நிலாக்களையும் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நின்றபடியே பார்க்கலாம். குருப்பெயர்ச்சித் தேதியை விரல்நுனியில் வைத்திருக்கும் நாம் குருவைப் பார்க்க மறந்தது ஏன்?

குரு எப்போது பெயர்கிறார் என்பது சிங்கப்பூர்த் தமிழர்களில் பலருக்கும் அத்துப்படி. 2025இல் அவர் ரிஷபத்திலிருந்து மிதுனத்துக்குப் போனார். வாக்கியப் பஞ்சாங்கப்படி மே 11, திருக்கணிதப்படி மே 14. எந்த ராசிக்கு யோகம், எந்த ராசிக்குப் பரிகாரம் என்று வீடுகளில் பேசித் தீர்த்தார்கள். கோயில்களில் மஞ்சள் வஸ்திரமும் கொண்டைக்கடலை மாலையும் சாத்தினார்கள். அதே நாள்களில் அந்த வியாழன் பொழுது சாய்ந்த பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மேற்கு வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி இருந்தது. அண்ணாந்து பார்த்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருக்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: இந்த ஊரில் எங்கே வானம் தெரிகிறது? பால்வீதியைப் பற்றிச் சொன்னால் அந்தப் பதில் சரி. மங்கலான விண்மீன்களைப் பற்றிச் சொன்னாலும் சரி. வியாழனைப் பற்றிச் சொன்னால் அது வெறும் சாக்கு. வானியலைத் தொடங்குவதற்கு, சிங்கப்பூரின் வடக்கே உள்ள ஈசூன் குடியிருப்பு நகரவாசிக்கு வியாழனைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. அதைப் பார்ப்பதற்கு ஈசூன், லண்டனையும் டோக்கியோவையும்விட ஒரு வகையில் நல்ல இடம் என்பதே இங்கே முன்வைக்கும் வாதம்.

வெளுத்த வானமும் வெளுக்காத கோளும்

சிங்கப்பூர் வானத்தைக் குறை சொல்பவர்கள் பக்கம் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2016இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ ஆய்விதழில் வெளியான இரவு வான ஒளியின் உலக வரைபடம், ஒளிமாசு மிகுந்த நாடு என்று சிங்கப்பூரைத்தான் குறிப்பிட்டது. இங்குள்ள மக்கள் அனைவரும், கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. அதை மறுக்க வேண்டியதில்லை. அந்த வெளிச்சம் என்ன செய்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும். தெருவிளக்கும் கடைவிளக்கும் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தின் பின்னணியை வெளுக்க வைக்கின்றன. அந்த வெளுப்பைவிட மங்கலான பொருள்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். அதைவிடப் பிரகாசமானவை தெரிந்துகொண்டே இருக்கும்.

வியாழன் இரண்டாம் வகை. நகர வானில் தட்டுத்தடுமாறித் தெரியும் மூன்றாம் நிலை விண்மீனைவிட அது நூறு மடங்குக்கு மேல் பிரகாசமானது. நிலவையும் வெள்ளியையும், எப்போதாவது செவ்வாயையும் விட்டால் இரவு வானில் அதற்குப் போட்டி கிடையாது. ஈசூன் ரயில் நிலையமும் நார்த்பாயிண்ட் கடைத்தொகுதியும் கொட்டும் வெளிச்சத்துக்கு நடுவே நின்றாலும், மேகம் மட்டும் இல்லையென்றால், சிமிட்டாமல் நிலையாக ஒளிரும் வெண்மஞ்சள் புள்ளியாக அதை அடையாளம் கண்டுவிடலாம். விண்மீன்கள் சிமிட்டும், கோள்கள் பெரும்பாலும் சிமிட்டுவதில்லை. விண்மீன் வெகுதொலைவில் இருப்பதால் வெறும் புள்ளியாகிவிடுகிறது. காற்றின் ஒவ்வோர் அசைவும் அதன் ஒளியை அலைக்கழிக்கிறது. வியாழனோ சிறியதானாலும் ஒரு வட்டு. வட்டின் ஒரு பகுதியிலிருந்து வரும் ஒளி தடுமாறினால் மற்றொரு பகுதியிலிருந்து வருவது அதை ஈடுசெய்துவிடும்.

அந்தப் பிரகாசத்துக்குக் காரணம் அதன் உருவம். நடுக்கோட்டில் வியாழனின் விட்டம் 1,42,984 கி.மீ. பதினொரு பூமிகளை வரிசையாக வைத்தால்தான் அந்த அகலம் வரும்; உள்ளே போட்டு நிரப்ப 1,300 பூமிகள் வேண்டும். எடையில் அது 318 பூமிகளுக்குச் சமம். சூரியக் குடும்பத்தின் மற்ற எல்லாக் கோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் வியாழன் அதைப்போல் இரண்டரை மடங்கு கனமானது. இவ்வளவு பெரிய உடம்பில் கால் ஊன்றி நிற்கத் தரை கிடையாது. ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் அதன் பெரும்பகுதி. மேலே அம்மோனியா மேகங்கள். கீழே போகப் போக அழுத்தம் ஏறி வாயு திரவமாகிறது. இன்னும் ஆழத்தில் ஹைட்ரஜனே உலோகம்போல் மின்சாரம் கடத்தும் நிலைக்கு வந்துவிடுகிறது. கோள்களிலேயே வலிமையான காந்தப்புலம் வியாழனுடையதாக இருப்பதற்கு அந்த உலோக ஹைட்ரஜன்தான் காரணம். பத்து மணி நேரத்துக்கும் குறைவாக, 9 மணி 56 நிமிடத்தில், தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தில் நடுப்பகுதி பிதுங்கித் துருவங்கள் தட்டையாகிவிட்டன. துருவ விட்டம் நடுக்கோட்டு விட்டத்தைவிட 9,000 கி.மீ.க்கு மேல் குறைவு. சிறிய தொலைநோக்கியிலேயே வட்டு சற்று அமுங்கியிருப்பது தெரியும். ஒரு கோளின் நாள் எவ்வளவு குறுகியது என்பதை அதன் வடிவத்தைப் பார்த்தே ஊகிக்க முடிகிறது.

நிலநடுக்கோடு தரும் சலுகை

வெளிச்சத்தில் தோற்றுப்போன சிங்கப்பூருக்கு இருப்பிடம் ஈடு தருகிறது. வியாழன் ராசி மண்டலத்தை ஒட்டியே நகர்கிறது. வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே 23 பாகைக்கும் தெற்கே 23 பாகைக்கும் இடையில்தான் அதன் நடமாட்டம். சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகை அளவில் இருக்கிறது. ஆகவே வியாழன் எந்த ராசியில் இருந்தாலும், உச்சத்துக்கு வரும் நேரத்தில் அடிவானத்திலிருந்து சுமார் 65 பாகைக்குக் குறையாத உயரத்தில் நிற்கும். லண்டனில் இதைச் சொல்ல முடியாது. 2019லும் 2020லும் வியாழன் தென்கோடியில் இருந்தபோது அந்த நகரத்தில் அது அதிகபட்சம் 16 பாகை அளவுதான் எழுந்தது. அவ்வளவு தாழ்வாகப் பார்க்கும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தைச் சாய்வாக, நீண்ட தூரம் ஊடுருவி வர வேண்டியிருக்கும், படம் குழம்பிவிடும். இங்கே அந்தத் தொல்லை எந்த ஆண்டும் இல்லை. நடுத்தர அட்சரேகை நாடுகளின் மேல்வானில் பாயும் அதிவேகக் காற்றோட்டங்களும் நம் தலைக்கு மேல் இல்லை. மழை பெய்து ஓய்ந்த நல்ல இரவில், கோள்களைப் படமெடுக்கும் சிங்கப்பூர் ஆர்வலர்களுக்கு அசையாத, கூர்மையான காட்சி வாய்ப்பதன் ரகசியம் இதுவே. விண்மீன் கூட்டங்களைத் தேடுபவருக்கு இருட்டு வேண்டும். கோளைப் பார்ப்பவருக்கு உயரமும் அமைதியான காற்றும் வேண்டும். அவை இரண்டும் இங்கே உண்டு.

நேரமும் தோதானது. ஆண்டு முழுவதும் இங்கே ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. ஐரோப்பியக் கோடையில்போல் நள்ளிரவு வரை இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளலாம். வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாளை வானியலில் எதிரமைவு என்பார்கள். அந்த நாள்களில் அது மாலையில் உதித்து, நள்ளிரவில் உச்சிக்கு வந்து, விடியலில் மறையும். நமக்கு மிக அருகிலும் இருக்கும். ஏறக்குறைய 399 நாளுக்கு ஒருமுறை இது நிகழ்கிறது. 2024 டிசம்பர் 7ஆம் தேதிக்குப் பிறகு 2025இல் ஒன்றுகூட இல்லாமல், 2026 ஜனவரி 10 அன்றுதான் அடுத்தது வந்தது. அன்று வியாழன் பூமியிலிருந்து சுமார் 63 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. அங்கிருந்து ஒளி வந்து சேர 35 நிமிடம் ஆகும்.

ஈசூனில் கிழக்கு பார்த்த ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக், பத்தாவது மாடித் தாழ்வாரம் என்று வைத்துக்கொள்வோம். எதிரமைவை ஒட்டிய ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு வியாழன் எதிர் புளோக்கின் மொட்டைமாடிக்கு மேலே வந்திருக்கும். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட சாதாரண பைனாகுலர். இருட்டில் முழுதாக விரிந்த கண்ணின் பாவையைவிட அந்த வில்லை ஐம்பது மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. முழங்கை இரண்டையும் கைப்பிடிச் சுவரில் அழுத்தி ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கும். அப்போது வியாழன் புள்ளி என்ற நிலையிலிருந்து மாறி மிகச் சிறிய வட்டாகத் தெரியும். அதன் இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இரண்டோ மூன்றோ நான்கோ ஒளித்துளிகள் இருக்கும். வட நாடுகளில் சாய்ந்து கிடக்கும் அந்தக் கோடு, இங்கே வியாழன் உதிக்கும்போது ஏறத்தாழ நெட்டுக்குத்தாக நிற்கும். எதிர் புளோக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக எரியும் சமையலறை விளக்குகளைப் போல. அதிக தூரம் விலகி நிற்பது காலிஸ்டோவாக இருந்தால், வியாழனுக்கும் அதற்கும் இடைவெளி முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐஓ எப்போதும் வியாழனை ஒட்டியே திரியும். சில இரவுகளில் அதைப் பிரித்துப் பார்ப்பதே பாடு. எதிர் புளோக்கின் ஏர்கான் கம்ப்ரசர்கள் தள்ளும் சூட்டில் காட்சி கொதிப்பதுபோல் அலையும். அரைமணி நேரம் பொறுத்தால் வியாழன் அந்தச் சூட்டுக்கு மேலே ஏறிவிடும். தாழ்வாரம் மேற்குப் பார்த்ததாக இருந்தால், லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தையும் ஜொகூர் நீரிணையையும் பிரிக்கும் ஈசூன் அணைக்கு நடந்துவிடலாம். தூண்டில் போடுபவர்கள் கூடும் அந்த அணையில் கட்டடங்கள் மறைக்காத அகன்ற வானம் கிடைக்கும்.

நான்கு துளிகள் செய்த வேலை

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கைப்பேசியைத் தட்டினால் ஜூனோ விண்கலம் எடுத்த படங்கள் கொட்டுகின்றன. 2016 ஜூலையில் வியாழனைச் சென்றடைந்த அந்தக் கலம், துருவங்களில் கூட்டமாகச் சுழலும் புயல்களையும் பூமியைவிட அகலமான பெருஞ்சிவப்புப் புள்ளியையும் அருகிலிருந்து காட்டியிருக்கிறது. அந்தப் புயல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுமார் 40,000 கி.மீ. நீளம் இருந்தது, இன்று 16,000 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதுகூட நமக்குத் தெரியும். இவ்வளவும் கையில் இருக்கும்போது தாழ்வாரத்தில் நின்று நான்கு துளியைப் பார்ப்பானேன்? நியாயமான கேள்விதான். ஆனால் படம் பார்ப்பதும் கண்டறிவதும் வேறு வேறு காரியங்கள். படத்தில் நாம் பெறுவது முடிவை. அந்த முடிவு எப்படி வந்தது என்பதைத் துளிகளின் இடமாற்றம் கற்றுத்தருகிறது. வியாழனுக்கு முன்னால் கடந்துபோகும்போது ஐஓ இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ வியாழனின் அகலத்துக்கு இடம் மாறிவிடும். எட்டரை மணிக்கு ஒரு தாளில் குறித்ததைப் பத்தரை மணிக்குக் குறித்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஒரு வாரம் குறித்து வந்தால் ஐஓ 1.77 நாளில் ஒரு சுற்று, யுரோப்பா 3.55 நாளில், கனிமீட் 7.15 நாளில் என்ற கணக்கு கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிடும். காலிஸ்டோவுக்கு மட்டும் 16.69 நாள் பொறுமை வேண்டும். பள்ளிக்கூட அறிவியலில் மாணவர் தன் கண்ணாலேயே சரிபார்க்கக்கூடிய பேரண்ட உண்மைகள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

1610 ஜனவரி 7 அன்று இத்தாலியின் பாதுவா நகரில் கலிலியோ செய்ததும் இதைத்தான். அன்று அவர் கண்டது மூன்று துளிகளை; 13ஆம் தேதி நான்காவதும் தெரிந்தது. ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாக்கிய அவருடைய தொலைநோக்கியின் பார்வைப் புலம் மிகக் குறுகல். வசதியில் இன்றைய பைனாகுலர் அதைவிட மேல். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்று நம்பிய காலத்தில், வேறொன்றைச் சுற்றும் நான்கு பொருள்கள் கண்முன்னே இருந்தன. அந்தக் கொள்கையின் அடித்தளம் அதோடு ஆட்டம் கண்டது. 1676இல் பாரிஸில் ஓலே ரோமர், வியாழனின் நிழலுக்குள் ஐஓ மறையும் நேரங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தார். பூமி வியாழனைவிட்டு விலகிப் போகும் மாதங்களில் மறைவுகள் தாமதமாகவும், நெருங்கி வரும் மாதங்களில் முன்கூட்டியும் நிகழ்வதாகத் தெரிந்தது. ஒளி வந்து சேர நேரம் ஆகிறது என்பதே அவர் கண்ட விடை. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்று அவர் கணித்தார். உண்மையில் பதினாறரை நிமிடத்துக்குச் சற்று மேல். எண் பிசகினாலும் ஒளிக்கு வேகம் உண்டு என்ற உண்மை அன்றைக்கே வெளிப்பட்டுவிட்டது.

ஐரோப்பாவோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. சென்னைக்கும் அதில் பங்கு உண்டு. வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தமாக அமைத்த வான்காணகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதுக்கட்டடம் எழுப்பியது. அதை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் ஆண்டும் பொறித்த கருங்கல் தூண் அங்கே இருக்கிறது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம், வியாழனின் நிலாக்கள் நிழலில் மறையும் கணங்களை ஆண்டுக்கணக்கில் பதிந்தார். அந்த மறைவு பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் நிகழ்வது. அந்தக் கணத்தில் சென்னைக் கடிகாரமும் கிரீன்விச் கடிகாரமும் காட்டும் நேர வித்தியாசமே சென்னையின் தீர்க்கரேகை. இந்தியாவை அளக்கத் தொடங்கிய லாம்டனின் நில அளவை சென்னையைத் தொடக்கமாகக் கொண்டபோது பயன்பட்டது இந்தக் கணக்கு. பிற்பாடு தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டதில் சில கிலோமீட்டர் பிசகு தெரியவந்தது என்பது உண்மை. ஆனால் ஒரு துணைக்கண்டத்தின் வரைபடம், வியாழனின் நிலாக்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கண்ணை நம்பித்தான் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டிலும் நம் பகுதி ஒதுங்கி நிற்கவில்லை. 1972 ஜூன் 7 அன்று கனிமீட் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, அதைப் பதிவு செய்த இடங்கள் இரண்டு: தமிழ்நாட்டின் காவலூர், இந்தோனேசிய ஜாவாவின் லெம்பாங். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் சிங்கப்பூரும் இருக்கிறது. விண்மீன் சட்டென்று மறையாமல் சற்றே மங்கி மறைந்ததாகக் கண்ட ஆய்வாளர்கள், கனிமீடுக்கு மெல்லிய காற்று இருக்கிறது என்றார்கள். 1979இல் வாயேஜர் விண்கலம் அளந்தபோது அவ்வளவு காற்று இல்லை என்று தெரிந்தது. பிறகு 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது. முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று நடந்த இந்த விவாதத்தில், அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையைப் படிப்படியாகக் காணலாம்.

அந்த நான்கும் ஒவ்வொன்றும் தனி உலகம். வெறும் இயக்கக் கணக்கிலிருந்தே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஐஓ சாட்சி. ஐஓ நான்கு சுற்று வருவதற்குள் யுரோப்பா இரண்டு, கனிமீட் ஒன்று. இந்தத் தாளக்கட்டினால் ஐஓவின் பாதை முழு வட்டமாக அடங்குவதே இல்லை. வியாழனை நெருங்கியும் விலகியும் போகும்போது அதன் உடல் இறுகித் தளர்ந்து சூடேறுகிறது. அதனால் உள்ளே பாறை உருகியிருக்க வேண்டும் என்று பீல், காசன், ரெனால்ட்ஸ் என்ற மூவர் 1979 மார்ச் 2 அன்று கட்டுரை வெளியிட்டார்கள். மூன்றாம் நாள் வாயேஜர் 1 அங்கே போயிற்று. 8ஆம் தேதி அது எடுத்த படமொன்றில் எரிமலைப் புகை எழுவதை லிண்டா மொராபிட்டோ பிறகு கண்டுபிடித்தார். இன்று 400க்கு மேற்பட்ட எரிமலைகள் அங்கே இருப்பதாக அறிகிறோம். அதே பிசைதல் யுரோப்பாவில் மிதமாக நடக்கிறது. அதன் பனி ஓட்டுக்கு அடியில் பூமியின் கடல்கள் எல்லாவற்றையும்விட அதிக நீர் இருக்கலாம். கனிமீட் 5,268 கி.மீ. விட்டத்தோடு புதன் கோளையே மிஞ்சியது. தனக்கென்று காந்தப்புலம் உடைய ஒரே நிலாவும் அதுதான். காலிஸ்டோவின் மேனியெங்கும் பழைய விண்கல் தழும்புகள். வியாழனுக்கு உறுதிசெய்யப்பட்ட நிலாக்களின் எண்ணிக்கை 95ஐத் தாண்டிவிட்டது. 2025இல் 274ஐ எட்டிய சனி அதைவிட வெகுவாக முன்னே இருக்கிறது. ஆனால் தாழ்வாரத்து பைனாகுலருக்கு அந்த நான்கும்தான் உலகம். விண்கலங்களும் அவற்றையே குறிவைக்கின்றன: 2023 ஏப்ரலில் கிளம்பிய ஐரோப்பாவின் ஜூஸ் 2031இல் சென்று சேர்ந்து பிறகு கனிமீடைச் சுற்றப்போகிறது, 2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யுரோப்பா கிளிப்பர் 2030இல் சேர வேண்டும்.

பஞ்சாங்கமும் பைனாகுலரும்

அடுத்த மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வரும். குரு என்பவர் தேவகுரு, வணங்க வேண்டியவர். அவரை வாயு உருண்டை என்று பேசுவது நம்பிக்கையைக் குலைக்காதா என்பார்கள். இன்னொரு பக்கத்திலிருந்து, ஜோதிடத்தை வானியலுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதே தவறு என்று பகுத்தறிவாளர்கள் சொல்வார்கள். கோள் இருக்கும் இடத்தைக் கணிப்பதும் அதற்குப் பலன் சொல்வதும் இரண்டு தனி வேலைகள். பலனுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அதில் வழவழப்பு வேண்டாம். கணிப்போ சுத்தமான வானியல். வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு ஆகிறது. அதனால்தான் ராசிக்கு ஏறத்தாழ ஓராண்டு. கும்பகோணத்து மகாமகம் இந்தக் கணக்கில் நிற்கும் விழா: குரு சிம்மத்தில், சூரியன் கும்பத்தில், முழுநிலவு மக நட்சத்திரத்தில். சிம்மமும் கும்பமும் நேர் எதிர் ராசிகள். எனவே மகாமகம் வரும்போதெல்லாம் வியாழன் எதிரமைவை ஒட்டி, இரவு முழுக்கப் பிரகாசமாகத் தெரிந்தே தீர வேண்டும். 2004இல் எதிரமைவு மார்ச் 4, மகாமகம் மார்ச் 6. 2016இல் மகாமகம் பிப்ரவரி 22, எதிரமைவு மார்ச் 8. குளத்தில் மூழ்கி எழுந்தவர்கள் அன்றிரவு கிழக்கே பார்த்திருந்தால் விழாவின் நாயகனையே பார்த்திருக்கலாம். சுற்றுக்காலம் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு என்பதும் விழாக்களில் வெளிப்படுகிறது: ஹரித்துவார் கும்பமேளா 2010க்குப் பிறகு பதினோராம் ஆண்டிலேயே, 2021இல், வந்துவிட்டது. அதற்கு முன் அப்படி வந்தது 1938இல்.

ஈசூனில் இது தமிழருக்கு மட்டும் உரிய செய்தியும் இல்லை. அண்டைவீட்டுச் சீனக் குடும்பம் ஆண்டுத் தொடக்கத்தில் தாய் சுயி தெய்வத்துக்கு வழிபாடு செய்கிறதென்றால், அதன் வேரும் வியாழனின் பன்னிரண்டு ஆண்டுச் சுற்றில்தான் இருக்கிறது. பழைய சீன வானியலர் வியாழனின் திசைக்கு எதிராகச் செல்லும் ஒரு கற்பனைக் கோளை வைத்து ஆண்டுகளை எண்ணினார்கள்; அதுவே தாய் சுயி. ஒரே தாழ்வாரத்தில் வசிக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே கோளை வைத்துக் காலத்தை அளந்த மரபுகளுக்கு வாரிசுகள். இருவருக்கும் பொதுவான விலாசம் அந்த வெண்மஞ்சள் புள்ளி.

மரபுக்கும் பார்வைக்கும் பகை இல்லை என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே காட்டலாம். சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். சென்னை வான்காணகத்தில் அதன் தலைவர் நார்மன் போக்சனுக்கு முதல் உதவியாளராக உயர்ந்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்ததை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பழைய வாய்பாடுகளை அப்படியே ஒப்பிக்காமல், வானத்தில் கோள் உண்மையில் எங்கே இருக்கிறதோ அதற்கேற்பப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. 2025இல் குருப்பெயர்ச்சி இரண்டு பஞ்சாங்கங்களில் மூன்று நாள் வேறுபட்டதன் பின்னணியும் அதே பழைய வழக்குதான்: வாக்கியம் முன்னோர் வகுத்த சூத்திரத்தை நம்புகிறது, திருக்கணிதம் பார்வையால் திருத்திய எண்ணை நம்புகிறது. எது சரி என்று வாட்ஸ்அப் குழுவில் வாதாடுவதற்கு முன் கோளைப் பார்ப்பது, ரகுநாதாச்சாரி காட்டிய வழியில் நடப்பதாகும்.

மேகம், விளக்கு, ஒரு யோசனை

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மேகம் கவிழ்த்துவிடும் என்பவர்களுக்கு என்ன பதில்? சிங்கப்பூரில் ஆண்டுக்கு சுமார் 170 நாள் மழை. வடகிழக்குப் பருவமழை கனக்கும் டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் கடந்த இரண்டு எதிரமைவுகளும் வந்தன, ஏமாந்தவர்கள் நிறைய. ஆனால் எதிரமைவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளித் தள்ளிப் போகிறது. அடுத்தது 2027 பிப்ரவரி இரண்டாம் வாரம். அதற்கடுத்தது 2028 மார்ச் 12. பிப்ரவரி இங்கே சராசரியில் மழை மிகக் குறைந்த மாதம். வரப்போகும் இரண்டு பருவங்களும் சிங்கப்பூருக்கு அமைந்தவை என்றே சொல்லலாம். மேலும் எதிரமைவு ஒரே நாள் திருவிழா கிடையாது. அதற்குப் பின் நான்கைந்து மாதம் வியாழன் மாலை வானிலேயே இருக்கும். இன்று மறைத்த மேகம் நாளை விலகும்.

கடைசி மறுப்புதான் கனமானது. வியாழன் தெரிகிறதே என்று திருப்திப்பட்டால், பால்வீதியைப் பறித்த ஒளிமாசுக்கு நாமே மன்னிப்பு வழங்கியதாக ஆகாதா? ஆகக்கூடும். வியாழனைப் பார்ப்பது இருண்ட வானத்துக்கு மாற்று ஆகாது. ஆனால் ஒளிமாசைக் குறைக்கக் கோரும் குரல் எங்கிருந்து வரும் என்று யோசிக்க வேண்டும். வானத்தை ஒருபோதும் பார்க்காதவருக்கு விளம்பரப் பலகையின் வெளிச்சம் ஒரு தொந்தரவே இல்லை. தொடர்ந்து பத்து இரவு தாழ்வாரத்தில் நின்று காலிஸ்டோவைத் தேடியவருக்கு, எந்த விளக்கு கீழே தரையைப் பார்க்கிறது, எது வீணாக மேலே அடிக்கிறது என்பது தெரிந்திருக்கும். மேலே போகும் ஒளியால் பாதசாரிக்கும் லாபமில்லை, மின்கட்டணத்துக்கும் லாபமில்லை. மூடி போட்டுக் கீழே திருப்பினால் பாதுகாப்பு குறையாது. இதை நகர மன்றத்திடம் ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லக்கூடியவர் அந்தப் பத்து இரவுக்காரர்தான்.

செலவில்லாத ஒரு யோசனையோடு முடிக்கலாம். குருப்பெயர்ச்சி அறிவிப்பு ஒட்டும் கோயில்கள் அதன் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும்: அந்த மாதத்தில் குரு எந்தத் திசையில், எத்தனை மணிக்குத் தெரிவார் என்பது. பெயர்ச்சி சில ஆண்டுகளில் சூரியனுக்கு மிக அருகில் நிகழும். அப்போது எப்போதிலிருந்து தெரியும் என்று எழுதலாம். ஈசூனின் சமூக மன்றங்களும் பள்ளிகளும் 2027 பிப்ரவரிக்கு இரண்டு பைனாகுலர்களும் ஒரு முக்காலியும் தயாராக வைத்திருந்தால், தரைத்தளத் திறந்தவெளியே போதும். இடத்துக்கும் அனுமதிச் சீட்டுக்கும் அலைய வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு தாளைக் கொடுத்து நான்கு துளிகளை ஏழு இரவு குறிக்கச் சொல்லுங்கள். 2028 மாசியில் மகாமகத்துக்குக் கும்பகோணம் போகிறவர்களுக்கு, பைக்குள் ஒரு பைனாகுலரையும் எடுத்து வைக்க அதற்குள் ஒரு காரணம் கிடைத்திருக்கும்.